நிலவியலோடு புவித் தகவல் அறிவியலையும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நிலவியல் இளங்கலையின் முதலாண்டை முடித்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்து புவித் தகவல் அறிவியலையும் இன்னொரு முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு வரைபடங்கள் மிகவும் பிடிக்கும். கணினியும் ஓரளவு வரும். ஆனால் என் பேராசிரியர் ஒருவர், “ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) வெறும் மென்பொருள், ஆறு வாரத்தில் நீயே கற்றுக்கொள்ளலாம், அதற்காகப் பட்டத்தின் பாதியைச் செலவிடாதே” என்கிறார். மூத்த மாணவர்களோ நிலவியலை மட்டும் நம்பினால் வேலை கிடைக்காது என்கிறார்கள். இரண்டையும் எடுத்து இரண்டிலும் அரைகுறையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

சேர்த்தே படியுங்கள் என்பதுதான் என் பதில். ஆயினும் உங்கள் பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால், முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்பதை ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது சரிதான். 2002-இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் இருக்கும்போது அதற்குப் பல்கலைக்கழகம்கூடத் தேவையில்லை. ஆனால் பொத்தானுக்குப் பின்னால் நடக்கும் கணக்கு உங்கள் கையில் இருக்கும் பாறைக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்கும் திறன் ஆறு வாரத்தில் வருவதில்லை. நிலவியல் அறியாத கணினி வல்லுநருக்கும் அது கைகூடாது. இடஞ்சார்ந்த கணக்குகளை அறியாத நிலவியலாளருக்கும் கைகூடாது. நீங்கள் பட்டத்தின் பாதியைச் செலவிடுவது அந்தத் திறனுக்காக என்றால், அது வீண் செலவு அல்ல.

இவை ஒன்றுக்கொன்று அந்நியமான துறைகளும் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக முதல் புவியியல் தகவல் முறைமையை வடிவமைத்த ராஜர் டாம்லின்சன், புவியியலில் ஒரு பட்டமும் நிலவியலில் ஒரு பட்டமும் பெற்றவர். இன்று பெரும்பாலான ஜி.ஐ.எஸ். மென்பொருள்களில் இருக்கும் ‘கிரிகிங்’ என்ற இடைமதிப்பீட்டு முறை (அளந்த இடங்களை வைத்து, நடுவே அளக்காத இடங்களின் மதிப்பைக் கணிப்பது), தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சில மாதிரிகளை மட்டும் வைத்துத் தாதுவின் தரத்தைக் கணிக்க டேனி கிரீக் என்ற சுரங்கப் பொறியாளர் 1951-இல் செய்த ஆய்விலிருந்து கிளைத்தது. அதைப் பின்னர் முறையான கணிதக் கோட்பாடாக வளர்த்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்தரோன்தான் கிரீக்கின் பெயரால் அதை அழைத்தார். ஆகவே நீங்கள் வேறொரு வீட்டுக்குக் குடிபோகவில்லை. உங்கள் துறையும் சேர்ந்து கட்டிய வீட்டின் இன்னொரு அறைக்குள் நுழைகிறீர்கள்.

எனினும் இந்த இரண்டு துறைகளும் உலகத்தைப் பார்க்கும் விதத்தில் உண்மையான உரசல் ஒன்று உண்டு. அதை இப்போதே அறிந்துகொண்டு உள்ளே போவது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பாறை அடுக்கு சரியும் திசையை ஓரிடத்தில் 350 பாகை என்றும், பத்தடி தள்ளி 10 பாகை என்றும் அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஏறக்குறைய வடக்கு. அட்டவணையில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 பாகை, அதாவது நேர் தெற்கு, என்று வரும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. வரைபடத்தில் அழகான அம்புக்குறி ஒன்று எதிர்த்திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். திசைகளுக்கு வட்டப் புள்ளியியல் என்று தனிக் கணக்கு உண்டு என்பதைப் புவித் தகவல் அறிவியல் வகுப்பில் கற்பீர்கள். ஆனால் அந்த அம்பைப் பார்த்தவுடன் ‘இந்த அடுக்கு தெற்கே சரிய வழியில்லையே’ என்று உறுத்துவது, அந்தப் பாறையின் மேல் கைவைத்து அளந்த அனுபவத்தால் மட்டுமே வரும்.

இடைமதிப்பீட்டிலும் இதே சிக்கல்தான். அருகருகே இருப்பவை ஒத்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல் அந்தக் கணக்குகள் நிற்கின்றன. பிளவுப்பெயர்ச்சி ஒன்று, அதாவது பாறை உடைந்து இருபுறமும் நகர்ந்த பிளவு, குறுக்கே ஓடினால், ஐம்பது மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆழ்துளைகளில் ஒரே அடுக்கு முற்றிலும் வேறு ஆழங்களில் கிடைக்கும். பிளவை ஒரு தடையாக நீங்கள் சொல்லித்தராவிட்டால், மென்பொருள் அந்த இரண்டு ஆழங்களுக்கும் நடுவே இல்லாத ஒரு சரிவை வழவழப்பாக வரைந்து கொடுக்கும். அந்தச் சரிவை நம்பி நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவர் கணக்கிட்டால், தவறு அடுத்த வரைபடத்துக்கும் பரவும்.

இன்னொன்று, ஜி.ஐ.எஸ்.-இல் நாம் அன்றாடம் கையாளும் உயரப் பரப்புகளில் ஓர் இடத்துக்கு ஓர் எண்தான் இருக்க முடியும். தரையின் உயரத்துக்கு அது போதும். ஆனால் பாறை அடுக்கு தன்மேலேயே மடிந்து சாய்ந்திருக்கும் கவிழ்ந்த மடிப்பு ஒன்றில் செங்குத்தாகத் துளையிட்டால் அதே அடுக்கை இரண்டு, மூன்று முறை கடந்து போவீர்கள். அந்த உண்மையை ஒற்றை எண்ணுக்குள் அடக்க வழியில்லை. நிலவியல் மாணவருக்கு முப்பரிமாணம் மனத்தில் ஓட வேண்டும், திரையில் அது தட்டையாகத் தெரிந்தாலும்.

இது வகுப்பறைச் சிக்கல் மட்டும் அன்று. 30 பாகை சாய்வுள்ள இரண்டு மலைச்சரிவுகள் சாய்வு வரைபடத்தில் ஒரே நிறத்தில் தெரியும். ஒன்றில் அடுக்குகள் மலைக்கு உள்நோக்கிச் சரிந்திருக்கலாம். மற்றொன்றில் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்திருக்கலாம். இரண்டாவது எப்படி முடியக்கூடும் என்பதற்கு இத்தாலியின் வாயோன்ட் அணை சாட்சி. 1963 அக்டோபர் 9 அன்று, நீர்த்தேக்கத்தின் மேலிருந்த மலைப்பக்கம் ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர் அளவுக்கு வழுக்கி இறங்கியதில், அணையைத் தாண்டி எழுந்த அலை சுமார் 2,000 பேரைக் கொன்றது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இருந்த மெல்லிய களிமண் படலங்களும், அவை பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்திருந்த விதமும், நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறி இறங்கியதும் அதில் சேர்ந்துகொண்டன. தரையின் சாய்வை மட்டும் காட்டும் எந்த வரைபடமும் அந்தக் களிமண்ணைக் காட்டியிராது.

இவ்வளவும் சொன்னதால் புவித் தகவல் அறிவியலை நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். நிலவியலாளரின் கால்கள் ஒருபோதும் எட்டாத இடங்களை அது எட்டியிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் அடர்ந்த காட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஒரு பிளவுப்பெயர்ச்சியின் படிக்கட்டுப் போன்ற தடம், 1990-களின் இறுதியில் விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடார் முறையில் எடுத்த தரவில் மரங்களைக் கணக்கால் நீக்கிப் பார்த்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு நிலவியலாளர்கள் அங்கே அகழிகள் வெட்டி, பழைய நிலநடுக்கங்களின் காலத்தைக் கணித்தார்கள். கலிஃபோர்னியாவில் 1992-இல் நடந்த லேண்டர்ஸ் நிலநடுக்கத்தால் தரை எங்கெங்கே எவ்வளவு நகர்ந்தது என்பதைச் செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டுச் சென்டிமீட்டர் அளவில் வரைந்து காட்டினார்கள். லைடார் காட்டிய கோட்டை அகழி உறுதிசெய்தது என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். இரண்டையும் படித்த ஒருவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

என் மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு கோடைக்காலம் முழுவதும் அலைந்து சேர்த்த பாறை மாதிரிகளின் இடங்களைப் பழைய நிலவரைபடத்தின் மேல் ஏற்றியபோது, பாதி மாதிரிகள் ஆற்றுக்குள் விழுந்திருந்தன. ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற டேட்டத்தில், அதாவது இடங்களின் ஆயத்தொலைவுகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் சட்டகத்தில், எழுதியிருந்தது. வரைபடமோ அதற்கு முந்தைய வேறொரு டேட்டத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அத்தகைய இரண்டுக்கும் இடையில் சில நூறு மீட்டர் வித்தியாசம் வருவது இயல்பு என்று எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. ஆறு இருந்ததால் பிழை கண்ணில் பட்டது. சமவெளியாக இருந்திருந்தால் அந்தப் பிழையோடே ஆய்வேடு அச்சேறியிருக்கும். டேட்டம், உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் புரொஜெக்‌ஷன், அளவுப் பிழை ஆகியவற்றைச் சலிப்பூட்டும் பாடங்கள் என்று தள்ளிவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு அதுவே காரணம்.

இனி, எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். கள முகாமையும் கள வரைபடப் பயிற்சியையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரட்டைப் பாடத் திட்டங்களில் அட்டவணை இடிக்கும்போது மாணவர்கள் முதலில் கைவிடுவது இவற்றைத்தான்; பிற்காலத்தில் ஈடுசெய்ய மிகக் கடினமானவையும் இவைதான். மென்பொருள் பாடம் ஒன்றைப் பிறகு கற்கலாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, “இந்த எல்லைக்கோட்டை ஏன் இங்கே வரைந்தாய்?” என்று கேட்கும் வாய்ப்பு மாணவப் பருவத்தைப் போல் மீண்டும் எளிதில் அமையாது. கட்டமைப்பு நிலவியல், படிவுப்பாறையியல், நீர்நிலவியல் ஆகிய மூன்றும் இடஞ்சார் ஆய்வோடு நேராகப் பிணைபவை என்பதால் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். மறுபக்கத்தில் இடஞ்சார் புள்ளியியலும் (செயற்கைக்கோள், விமானப் படங்களிலிருந்து தரையை அறியும்) தொலையுணர்வும் கட்டாயம் வேண்டும்; பைத்தான் போன்ற ஒரு நிரலாக்க மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளியியலுக்கு அஞ்சி அழகான வரைபடம் தயாரிக்கும் பாடங்களாகவே தேர்ந்தெடுத்தால், உங்கள் பேராசிரியர் சொன்னது உண்மையாகிவிடும்.

அரைகுறையாகிவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பாடங்களையும் இரண்டு தனிப் பெட்டிகளில் வைத்துக்கொண்டால் அப்படி ஆகக்கூடும். ஜி.ஐ.எஸ். வகுப்பில் பயிற்சிக்குத் தரவு கேட்டால் உங்கள் கள முகாமின் தரவைக் கொடுங்கள். நிலவியல் ஆய்வேட்டில் இடஞ்சார் கேள்வி ஒன்றை எழுப்புங்கள். சில விருப்பப் பாடங்களை இழப்பீர்கள் என்பதை மறைக்க மாட்டேன். உங்கள் மனம் கனிமவியலிலோ ஐசோடோப்பு வேதியியலிலோ, அதாவது ஆய்வகத்துக்குள், இருக்கிறது என்றால் இரட்டைப் பாடம் வேண்டாம், ஜி.ஐ.எஸ்.-இல் இரண்டு தாள்கள் போதும். வரைபடங்கள் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

வேலையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலத்தடி நீர், நிலச்சரிவு அபாயம், கனிம ஆய்வு, கட்டுமானத் தள ஆய்வு ஆகிய எல்லாவற்றிலும் இரண்டும் தெரிந்தவர்களுக்கு இடமுண்டு. ஆனால் சில நாடுகளில் நிலவியலாளர் என்று முறைப்படி பதிவுபெறக் குறிப்பிட்ட நிலவியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. நீங்கள் பணிபுரிய விரும்பும் நாட்டின் விதியைப் பார்த்து, அந்தப் பாடங்கள் விடுபடாமல் பார்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். நடந்தே கடக்கக்கூடிய சிறிய பரப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திசைகாட்டியும் சரிவுமானியும் கொண்டு தாளில் நிலவியல் வரைபடம் ஒன்றை வரையுங்கள். கண்ணால் கண்ட எல்லையை முழுக்கோடாகவும், ஊகித்ததை விட்டுவிட்டு வரும் கோடாகவும், மண்ணுக்கடியில் மறைந்திருப்பதைப் புள்ளிக்கோடாகவும் இடுங்கள். பிறகு அதைக் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் விவரங்களைக் கொண்ட பண்பு அட்டவணையில் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்து, அது கண்டதா, ஊகித்ததா, மறைந்ததா என்றும், ஊகித்தது என்றால் எதை வைத்து என்றும் எழுதுங்கள். அந்த நெடுவரிசையை நிரப்பும் வேலை உங்களை மீண்டும் களத்துக்கு அனுப்பினால், இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தில் இரண்டு பாடங்களின் பெயரையும் தயங்காமல் எழுதுங்கள்.