‘முந்தானை முடிச்சு’ இன்றும் ரசிக்கப்படுவது ஏன்?

முதல் காரணம் பரிமளம்தான். பாக்யராஜ் எழுதி, இயக்கி, நடித்த ஏவிஎம் படம், 1983. மனைவியை இழந்த வாத்தியார் கைக்குழந்தையோடு ஒரு கிராமத்துக்கு வருகிறார். அவரை விரும்பும் பரிமளம், பொடியன்களைக் கூட்டிக்கொண்டு ஊரையே ஒரு வழி பண்ணுகிற பெண். அவர் மசியவில்லை என்றதும் பழி போட்டு, பஞ்சாயத்தில் அந்தக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்கிறாள்!

அந்த இடத்தைக் கவனியுங்கள். அவ்வளவு நேரம் சிரித்த நமக்கே பகீர் என்கிறது. கல்யாணம் நடந்தும் அவர் ஒட்டவில்லை. அந்தச் சத்தியம்தான் காரணம். அதனால்தான் பின்பாதிச் சிரிப்பிலும் ஒரு வலி ஓடுகிறது. வாத்தியாரை மயக்க அவள் முருங்கைக்காய் சமைத்துப் போடும் கலாட்டா எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பரிமளமாக நடித்த ஊர்வசியின் அந்தப் படபட பேச்சுதான் உயிர். தமிழில் கதாநாயகியாக அவருக்கு முதலில் வெளிவந்த படம் இதுதான். அப்புறம், இளையராஜா இசை.