மகள் சுவரில் ஒட்டிய நீதிபதி

கேள்வி: என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டாள். சட்டம் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். மேசைக்கு மேலே, தலையில் கிரீடம் வரைந்த ஒரு வயதான அமெரிக்க நீதிபதியின் படத்தை ஒட்டியிருக்கிறாள். தொலைபேசியிலும் அவருடைய காணொளிகள்தான். நடிகையைக் கொண்டாடுவது போல நீதிபதியைக் கொண்டாடலாமா? கணவர் இல்லை. அரசாங்கம் தந்த பெர்மிட் காணியில் கச்சானும் உழுந்தும் செய்துதான் மகனையும் மகளையும் படிப்பிக்கிறேன். பிள்ளை விளையாட்டுப் போக்கில் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், முத்தையன்கட்டு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

படம் சுவரிலேயே இருக்கட்டும். அவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1993 முதல், 2020இல் இறக்கும் வரை அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தவர்.

அவருடைய தலைக்குக் கிரீடம் வந்தது அவர் தோற்ற ஒரு நாளில். 2013 ஜூன் மாதம், கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க 1965இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் முக்கியமான ஏற்பாடு ஒன்றை அந்த நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செயலிழக்கச் செய்தது. பாகுபாடு குறைந்துவிட்டதால் பழைய காவல் இனித் தேவையில்லை என்பது பெரும்பான்மையினரின் நினைப்பு. கொட்டும் மழையில், நனையவில்லையே என்பதற்காகக் குடையை எறிவதற்கு அது சமம் என்று கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், மன்றத்தில் இருந்தபடியே தம் மறுப்பை வாய்விட்டும் அறிவித்தார். அப்போது அவருக்கு 80 வயது.

அதைப் படித்துக் கொதித்த ஒரு சட்ட மாணவி, இணையத்தில் அவருக்காக ஒரு பக்கம் தொடங்கி 'நொட்டோரியஸ் ஆர்.பி.ஜி.' என்று பெயரிட்டார். ஆர்.பி.ஜி. என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த 'நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.' என்ற ராப் பாடகரின் பெயரைத் தழுவிய பட்டம் அது. கின்ஸ்பர்க்கும் புரூக்ளினில் பிறந்தவர்தான். மெலிந்த உடலும் நிதானமான பேச்சும் கொண்ட மூதாட்டிக்கு முரட்டுப் பாடகரின் பட்டம் என்பதில் இளைஞர்கள் சொக்கிப்போனார்கள். பிறகு சட்டைகள், கோப்பைகள், குழந்தைகளுக்கான மாறுவேடங்கள் எல்லாம் வந்தன. மாறுபட்ட தீர்ப்புச் சொல்லும் நாளில் அவர் அணியும் கழுத்துப்பட்டிகூடப் புகழ்பெற்றது. 2018இல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் வெளிவந்தது.

மாறுபட்ட தீர்ப்பால் அன்று எதுவும் மாறாது. வழக்காளி தோற்றவராகவே வீட்டுக்குப் போவார். ஆனாலும் நீதிபதி எழுதி வைக்கிறார், பின்னால் ஒருவர் எடுத்துப் படிக்கட்டும் என்று. ஒரு பெண் தொழிலாளியின் சம்பளப் பாகுபாட்டு வழக்கில் 2007இல் கின்ஸ்பர்க் அப்படி எழுதியதன் விளைவாக 2009இல் புதிய சட்டமே வந்தது. நம் இலங்கை நாட்டவரான நீதியரசர் வீரமந்திரி, சர்வதேச நீதிமன்றத்தில் இருந்தபோது அணு ஆயுதம் பற்றி 1996இல் எழுதிய மாறுபட்ட கருத்தும் இந்த வகைதான். அவருக்கு யாரும் கிரீடம் வரையவில்லை. உங்கள் மகள் அதையும் தேடிப் படித்தால் மகிழ்வேன்.

காணொளிகளில் உங்கள் மகள் எதைப் பார்க்கிறாளோ தெரியாது. அவருக்குப் புகழ் கிடைத்த காலத்தைவிடப் புகழே இல்லாத காலம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1956இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒன்பது பெண்கள். அவர்களில் ஒருவர் அவர். 1959இல் கொலம்பியாவில் முதல் நிலையில் தேறியும் நியூயோர்க்கின் பெரிய சட்ட நிறுவனம் எதுவும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

இனி நீங்கள் எழுதிய பெர்மிட் காணிக்கு வருகிறேன். ஐடாஹோ மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஆணும் பெண்ணும் சம தகுதியோடு முன்வந்தால் ஆணையே தெரிவு செய்ய வேண்டும் என்றது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அதை எதிர்த்தார். அவருக்காக உயர் நீதிமன்றத்துக்கு எழுத்துமூல வாதத்தைத் தயாரித்தவர்களில் கின்ஸ்பர்க் முதன்மையானவர். 1971இல் நீதிமன்றம் அந்த முன்னுரிமையை ஒருமனதாக நீக்கியது. பெர்மிட் காணிகளுக்கான நம்முடைய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். 1935இல் வந்தது. தமக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால், மகளை விட மகனுக்கே அது முன்னிடம் கொடுத்துவந்தது. அந்தப் பாகுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. போருக்குப் பின் எத்தனையோ பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் வன்னியில், இவ்வளவு காலம் இது இருந்ததை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. உங்கள் மகள் படிக்கப்போகும் சட்டம் இதுதான், சகோதரி. அது விளையாட்டல்ல.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கொண்டாட்டம் கண்ணை மறைக்கும். 2016இல் ஒரு ஜனாதிபதி வேட்பாளரைப் பகிரங்கமாகச் சாடிவிட்டு, நீதிபதி அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று கின்ஸ்பர்க்கே வருந்தினார். தமக்கு உவப்பான ஜனாதிபதி பதவியில் இருந்தபோதே ஓய்வு பெறும்படி பலர் கேட்டும் அவர் விலகவில்லை. அவர் இறந்ததும் மாற்றுக் கருத்துள்ளவர் அந்த இடத்துக்கு வந்தார். கருக்கலைப்பு உரிமைக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு 2022இல் போயிற்று. அவரை நேசித்தவர்களே இதற்காக அவரைக் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையை மகளும் அறியட்டும். குறை தெரிந்த பிறகும் படம் சுவரில் இருந்தால் அந்த மரியாதைக்கு மதிப்பு உண்டு.

பரீட்சை முடிவு வரும்வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டாம். முல்லைத்தீவு நீதிமன்றத்தில் வழக்குகள் பகிரங்கமாகத்தான் நடக்கின்றன. ஒரு காலை அங்கே போய்ப் பின்வரிசையில் இருந்து கவனிக்கச் சொல்லுங்கள். தவணை மேல் தவணை வாங்கிக்கொண்டு போகும் சனங்களின் முகத்தையும் அவள் பார்க்க வேண்டும்.

பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பதிவு இருக்கிறதா, யாருடைய பெயரில் என்று அவளே உத்தியோகத்தரிடம் கேட்கட்டும். போகும் முன் திருத்தச் சட்டத்தைத் தமிழில் எடுத்து, மகனையும் வைத்துக்கொண்டு உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.