விற்ற பிறகு பணம்

அன்புள்ள அம்மா,

காரைக்குடியில் எங்கள் கொள்ளுத்தாத்தா பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முன்பக்கத்து முகப்பையும் பட்டாலையையும் கைவினைப் பொருள் கடையாக்கப் போகிறேன். பனையோலையில் பின்னிய கொட்டான் கூடைகள், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைலில் சின்னச் சின்ன பரிசுப் பொருள்கள். செய்கிறவர்கள் சரக்கைக் கொடுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள், விற்ற பிறகு பணம் தந்தால் போதும். அதனால் முதலீடு கட்டடத்துக்கும் ஏசிக்கும்தான். என் கேள்விகள்: தெருப்பக்கச் சுவரை உடைத்துக் கண்ணாடி வைக்கலாமா? கடைப் பெயர் தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்திலா? ஆள் வருமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பங்காளிகள் கையெழுத்துப் போட்டார்கள் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். செட்டிநாட்டில் பல வீடுகள் அந்தக் கையெழுத்துக்குக் காத்திருந்தே இடிந்தன. அவற்றின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டை விற்காமல் திறக்க நினைத்தீர்களே, நன்றாக இருங்கள்.

பெயர் உங்கள் விருப்பம். ஆள் வரும், கானாடுகாத்தான் மாளிகைகளைப் பார்க்க வருகிறவர்கள் பலர் காரைக்குடிக்கும் வருகிறார்கள்.

ஆனால் "விற்ற பிறகு பணம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இந்தப் பதிலே அதற்காகத்தான். கொஞ்ச நாளாக நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கொட்டானுக்கு என்ன வேலை என்று பார்த்திருக்கிறீர்களா? பனங்குருத்தை வாங்கிக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி, உலர்த்தி, பின்னும்போது மறுபடி நனைக்க வேண்டும். ஓலைக்கும் சாயத்துக்கும் அந்தப் பெண் கைக்காசு போட்டாகிவிட்டது. உழைப்பும் போட்டாகிவிட்டது. அதை உங்கள் அலமாரியில் நான்கு மாதம் வைத்தால், அந்த நான்கு மாதமும் அவள் உங்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறாள். ஐம்பது பேரிடம் இப்படி வாங்கினால் ஐம்பது ஏழைகள் சேர்ந்து உங்கள் கடைக்கு முதல் போட்டிருக்கிறார்கள். லாபத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? கிடையாது.

இதை வேறு யார் எழுதியிருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீங்கள் வட்டிக்கணக்குத் தெரிந்த குடும்பம். உங்கள் முன்னோர் பர்மாவில் ஒரு ரூபாயைக்கூட நாள் கணக்குப் பார்க்காமல் கொடுத்ததில்லை. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்வாசி வயல் செட்டியார்களிடம் வந்திருந்தது. அந்தக் காசில் நட்ட தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொட்டான் பின்னுகிறவளின் காசுக்கு மட்டும் நாள் கணக்கு இல்லை என்றால் எப்படித் தம்பி?

சம்மதித்திருக்கிறார்கள் என்கிறீர்கள். வேறு வழியில்லாதவர்கள் சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்?

ராமநாதபுரம் பக்கம் என் பெரியம்மா ஓலைப்பெட்டி பின்னுவார். டவுனில் ஒரு கடையில் கொடுத்து வைப்பார். பணம் கேட்டுப் போனால், "இன்னும் போகலையே ஆத்தா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய் வெறுங்கையோடு வருவார். கடைசியில் ஒருநாள் சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெயில் விழுகிற கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் வைத்திருந்ததில் சிவப்பும் பச்சையும் வெளுத்து, ஒரே அழுக்கு மஞ்சளாகியிருந்தது. வெளுத்ததற்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகு பின்னவே இல்லை. நூறு நாள் வேலைக்குப் போனார்.

உங்கள் கண்ணாடிக்கும் இதுவே பதில். சுவரை உடைக்காதீர்கள். சாயம் போட்ட ஓலைக்கு வெயில் ஆகாது, அந்தச் சுண்ணாம்புச் சுவரும் திண்ணை நிழலும் சரக்கைக் காப்பாற்றும். ஏசியும் உடனே வேண்டியதில்லை. வளவில், அதாவது நடு முற்றத்தில், வானம் திறந்திருக்கிற வீடு அது. கொஞ்சம் மின்விசிறி போட்டுச் சமாளியுங்கள்.

ஆச்சிகள் கல்யாணச் சீருக்காகத் தாங்களே பின்னிய கொட்டான் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. செட்டிநாட்டுக் கைவினைகளில் அக்கறை கொண்ட விசாலாட்சி ராமசாமி முயற்சி எடுத்து, கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டு மீட்டார்கள். இன்று அதற்கு, இந்த ஊர்ச் சரக்கு என்று சான்று சொல்லும் புவிசார் குறியீடு இருக்கிறது, கண்டாங்கிக்கும் 2019இல் கிடைத்தது. குறியீட்டை அட்டையில் அச்சடிப்பீர்கள், தெரியும். அதே அட்டையில் செய்தவர் பெயரையும் போடுங்கள். சரக்கு இறங்கும் அன்றே பணம் கொடுங்கள். முழுதாக முடியாவிட்டால் பாதி அன்றைக்கு, மீதி முப்பது நாளில், விற்றாலும் விற்காவிட்டாலும். ஆத்தங்குடி டைல் உங்கள் கடையில் உடைந்தால் அது உங்கள் நஷ்டம். இதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால் பத்து அலமாரிக்குப் பதில் இரண்டு அலமாரியோடு ஆரம்பியுங்கள்.

ஏசிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? அதைக் கொள்முதலுக்கு மாற்றினால் எத்தனை பேருக்கு அன்றன்றே கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டு எனக்கு எழுதுங்கள். திறப்பு விழாவுக்கு நான் வருகிறேன்.