கடைக் கணக்கை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

கோவையில் 18 வருடமாகக் கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர், சர்வர் பராமரித்துத் தருகிறேன். டேட்டாவை எங்கே வைப்பது என்று கேட்டவர்களுக்கு, வேலையில் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். ஹார்டு டிஸ்க்கோ கிளவுடோ (இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் கிடைக்கும் இடம்) எதையும் நான் விற்பதில்லை.

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்: அண்ணா, டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஆபீஸ் பையன் டாலி டேட்டா ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவோடு இணைத்துவிட்டான். இனி பயமில்லைதானே?

தம்பி, முதலில் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். பையன் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பான், அவனைத் திட்ட வேண்டாம். டாலி ஓடும்போது அந்த ஃபோல்டருக்குள் பல ஃபைல்களைத் திறந்து வைத்து மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே நேரத்து நிலையில் சேர்ந்து இருந்தால்தான் அது கணக்கு. டிரைவுக்கு அது தெரியாது. ஒரு ஃபைல் பத்து மணி நிலையிலும் இன்னொன்று பத்தேகால் மணி நிலையிலும் மேலே போய்விடும். அதைத் திரும்ப இறக்கினால் கம்பெனி திறக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. சிங்க் (இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைப்பது) வேறு, பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் பிரதி) வேறு. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்) புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் மேலேயும் போய் உட்காரும். அழித்த ஃபைல் கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு.

சாயங்காலம் பில் போடுவது முடிந்ததும் டாலி பிரைமில் ஆல்ட் + ஒய் அழுத்தி, பேக்கப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய தேதி போட்ட தனி ஃபோல்டரில் எடுங்கள். அந்தப் பேக்கப் ஃபோல்டர்களை டிரைவுக்கு அனுப்பினால் போதும். டாலி வால்ட் (கணக்கைப் பாஸ்வேர்டால் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அதை மறந்தால் பேக்கப் இருந்தும் பயனில்லை.

சென்னை வேளச்சேரி, வரிக் கணக்கு அலுவலகம்: சார், வாராவாரம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து அலுவலக பீரோவில் பூட்டி வைக்கிறேன். போதாதா?

போதாது. உங்கள் ஊரிலேயே நான் பார்த்தது இது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, சென்னையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு என்னை அழைத்திருந்தார்கள். சர்வர் மேசைக்கு அடியில், தரையில் இருந்தது. அதன் பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். டிராயர் மரம் ஊறி உப்பிப் போய், திருப்புளியை விட்டு நெம்பித்தான் திறந்தோம். உள்ளே டிஸ்க்கை ஒரு ஜிப் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார் முதலாளி. கவருக்குள்ளும் சேறு. யூஎஸ்பி ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தன் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே நின்றார். யாரிடம் எவ்வளவு பாக்கி வர வேண்டும் என்பது மொத்தமும் அதில்தான் இருந்தது.

அந்த மனிதர் பேக்கப் எடுக்காதவர் இல்லை. ஒழுங்காக எடுத்தவர். இரண்டு பிரதியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததுதான் பிழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துப்போய் மற்றதைக் கொண்டு வாருங்கள். உங்கள் வீடும் வேளச்சேரிதான் என்றால் மூன்றாவது பிரதி கிளவுடில் இருக்கட்டும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சொருகியபடியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் விடாது.

கோவை, மோட்டார் உதிரிபாகக் கடை: கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) வாங்கச் சொல்கிறார். ரெய்டு போட்டுவிட்டால் பேக்கப்பே வேண்டாம் என்கிறார்.

முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. இங்கே ரெய்டு என்பது இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் ஏற்பாடு. அதில் ஒரு டிஸ்க் பழுதானால் மற்றதை வைத்துக் கடை ஓடும். அதற்கு மட்டும்தான் அது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும், பெட்டியைத் திருடிப்போனால் இரண்டும் போகும். நாலைந்து பேர் ஒரே ஃபைல்களில் வேலை செய்யும் இடத்துக்கு நாஸ் நல்ல பொருள். யூபிஎஸ் இல்லாமல் வைக்காதீர்கள். இணையத்திலிருந்து நேரடியாகத் திறக்கும்படியும் விடாதீர்கள்.

சிவகாசி, அச்சகம்: எங்களிடம் டிசைன் ஃபைல்களே 2 டிபி இருக்கும். எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் விடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினாலும் 2 டிபியை இறக்க ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகும். முழு வேகம் எப்போதும் கிடைக்காது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் குவியும் நேரத்தில் டிஸ்க் போனால், மூன்று நாள் மெஷின் சும்மா நிற்கும்.

அதனால் "எங்கே வைப்பது" என்பதற்கு முன்னால் "போனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப வேண்டும்" என்று கேளுங்கள். இந்த சீசனில் ஓடும் வேலைகள் உள்ளேயே வேகமான எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) இருக்கட்டும், அதன் பிரதி பக்கத்திலேயே ஒரு நாஸில். தினமும் மாறிய ஃபைல்கள் மட்டும் இரவில் கிளவுடுக்குப் போகட்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய டிசைன்கள் எப்போதாவதுதான் தேவைப்படும். அவற்றைச் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் வைக்காதீர்கள், அதில் பதிந்தது மெல்ல மெல்லக் கரையும்.

கிளவுடில் இன்னொரு செலவும் உண்டு. பெரிய சேமிப்புச் சேவைகள் சிலவற்றில் உள்ளே போடுவது இலவசம், வெளியே எடுக்கக் காசு. ஆவணக் காப்புக்கென்று மலிவாகக் கிடைக்கும் வகைகள் சிலவற்றில் ஃபைல் கேட்டால் கைக்கு வரவே 12 மணி நேரம் வரை ஆகும். விலைப் பட்டியலில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

ஓசூர், சிறு உற்பத்தி நிறுவனம்: நாங்கள் பிரைவேட் லிமிடெட். வெளிநாட்டு சர்வரில் கணக்கு வைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

வரும். அதாவது, தினசரி பேக்கப் இந்தியாவுக்குள் இல்லாவிட்டால் வரும். 2014ஆம் வருடத்துக் கம்பெனிக் கணக்கு விதிகளில் 3ஆவது விதிப்படி, கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். தினமும் என்பது 2022 திருத்தத்தில் வந்தது. கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும். சாதாரண ஜிமெயிலோடு வரும் டிரைவில் எந்த நாட்டு சர்வர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுள் கிளவுடுக்கு மும்பையிலும் டெல்லியிலும் மையங்கள் உண்டு. கணக்கு தொடங்கும்போதே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஆடிட்டரிடமும் காட்டிவிடுங்கள்.

தனிநபர் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கம்பெனி விதி பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு இருந்தால், வருடாந்தர ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் பதிவேடுகள் இருக்க வேண்டும். 2024-25 கணக்குக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31 என்றால், 2031 டிசம்பர் 31 வரை வைத்திருங்கள். அப்பீலோ விசாரணையோ நடந்தால் இன்னும் நீளும். இன்று வாங்கும் டிஸ்க் ஒன்றை மட்டும் நம்பி அவ்வளவு காலம் இருக்கக் கூடாது.

கும்பகோணம், பாத்திரக் கடை: தம்பி, எனக்கு 67 வயது. நம் கணக்கை முகம் தெரியாத எவனிடமோ கொடுப்பதா என்று மனம் ஒப்பவில்லை.

ஐயா, உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனி என்பதால் மட்டும் எதுவும் பத்திரமாகிவிடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கிளவுட் சேவை தரும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான்.

ஆனால் நான் பார்த்தவரை, சிறு கடைகளில் டேட்டா வெளியே போவது உள்ளே இருப்பவர்களின் கணக்கு வழியாகத்தான். வேலைக்கு இருந்த பையனின் சொந்த மெயில் ஐடியில் கிளவுட் கணக்கைத் தொடங்கியிருப்பார்கள். ஓடிபி அவன் போனுக்கு வரும். அவன் வேறு வேலைக்குப் போன பிறகு, அவனைக் கெஞ்சிக் கூப்பிட்டுத்தான் நம் கணக்கை நாம் திறக்க வேண்டியிருக்கும். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றும் கேட்பது) போடுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால், மகனையோ மகளையோ வைத்து ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு மேலே ஏற்றச் சொல்லுங்கள். அப்போது வைத்திருப்பவருக்கு அது திறக்க முடியாத பெட்டிதான். சாவி உங்களிடம்.

சேலம், வாட்ஸ்அப்பில் சேலை விற்பனை: அண்ணா, என் தொழில் முழுக்க ஒரு போனுக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரே கிடையாது.

அப்படியானால் அந்த போன்தான் உங்கள் கல்லாப்பெட்டி, அம்மா. ஆர்டர், முகவரி, வந்த பணம் மூன்றையும் சாட்டில் மட்டும் விடாமல், கூகுள் ஷீட்டில் அன்றன்றே எழுதுங்கள். சேலைப் படங்களுக்கு இலவச 15 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். மெயில், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த 15க்குள்தான். நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும், வரும் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அதனால் தொழிலுக்கென்று தனி மெயில் ஐடி வைத்து, கொஞ்சம் காசு கொடுத்து இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்: நீங்கள் சொன்ன மாதிரி உள்ளே ஒன்று, வீட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று எல்லாம் செய்தாகிவிட்டது. தினமும் "பேக்கப் முடிந்தது" என்று மெசேஜும் வருகிறது. இனி நிம்மதியாக இருக்கலாமா?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன, அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. முழுநேரமும் இதே தொழிலாக இருப்பவர்களுக்கே இப்படி என்றால், "முடிந்தது" என்ற மெசேஜை வைத்து நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வியாபாரம் குறைவான ஒரு நாள் மத்தியானம், டாலி போட்ட வேறு ஒரு கம்ப்யூட்டரை எடுங்கள். வீட்டில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து பேக்கப்பை அதில் ரெஸ்டோர் செய்யுங்கள், அதாவது திரும்ப ஏற்றுங்கள். ஓடும் கணக்கின் மேல் தவறிக்கூட ரெஸ்டோர் செய்துவிடாதீர்கள். திறந்ததும் ஒரு பார்ட்டியின் பாக்கியை எடுத்து, கையில் இருக்கும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். அடுத்த முறை கிளவுடில் இருக்கும் பிரதியை வைத்து இதையே செய்யுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் முறை நாலு மணி நேரம்கூட ஆகலாம், பாஸ்வேர்டு யாரிடம் என்று தேடுவதிலேயே பாதி போய்விடும். அந்தத் தேடலை அவசரம் இல்லாத நாளிலேயே முடித்துவிடுங்கள்.