பாராட்டு உண்டு, விற்பனை இல்லை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். நாங்கள் புதிதாக உருவாக்கிய பொருளைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் விற்பனை நகரவில்லை. மிச்சமிருக்கும் பணத்தைப் பொருளை மேம்படுத்தச் செலவிடுவதா, விளம்பரத்துக்கா?

பதில்: பாராட்டியவர்கள் பொருளைப் பார்த்தார்களா, பயன்படுத்தினார்களா என்பதை நீங்கள் தெளிவாக்கவில்லை, விடை அதில்தான் இருக்கிறது. ஒட்டி உரிக்கும் 'போஸ்ட்-இட்' குறிப்புத் தாளின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் சில்வர், வலுவான பசையைத் தேடும்போது 1968-இல் எளிதில் உரிந்துவரும் பசையைக் கண்டுபிடித்தார். பாடல் புத்தகத்தில் வைக்கும் அடையாளத் தாள்கள் நழுவி விழுவதால் சலித்திருந்த அவருடைய சகா ஆர்ட் ஃப்ரை, 1974-இல் அதற்கு ஒரு பயனைக் கண்டார்: அதைத் தடவிய துண்டுத் தாள் நழுவாது, கிழிக்காமல் உரிக்கவும் வரும். ஆனாலும் 1977-இல் 'பிரஸ் அண்ட் பீல்' என்ற பெயரில் நான்கு நகரங்களில் விற்பனைக்கு வைத்தபோது வரவேற்பு மந்தமாகவே இருந்தது. ஒட்டி, உரித்து, மீண்டும் ஒட்டிப் பார்க்காதவருக்கு அந்தத் துண்டுத் தாள் எதற்கு என்பதை எந்த விளம்பரத்தாலும் புரியவைக்க முடியவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவின் பாய்சி நகர அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-இல் 'போஸ்ட்-இட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

இதில் பசையும் மாறவில்லை, விளம்பரச் செலவும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஆகவே உங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் பொருளைப் பயன்படுத்தக் கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். தீர்ந்ததும் எத்தனை பேர் விலை கொடுத்து மறுபடி கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். யாரும் கேட்காவிட்டால் குறை பொருளில் இருக்கிறது. அப்போது விளம்பரத்தில் கொட்டும் பணம் வீண். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும் பொருளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அதைச் சில வாரங்களுக்கு இரவலாகக் கொடுத்துத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்து விலை பேசுபவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

கேள்வி: முறையான சந்தை ஆய்வு நடத்தினால் இவ்வளவு அலைச்சல் தேவைப்படாதே?

பதில்: கோகோ கோலா ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்திய பிறகுதான் 1985 ஏப்ரலில் தன் பானத்தின் சுவையை மாற்றியது, ஜூலையிலேயே பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தது. எந்தச் சுவை பிடித்திருக்கிறது என்று கேட்டவர்கள், பழையது இனிக் கிடைக்காது என்றால் சம்மதமா என்பதைச் சரியாக எடைபோடவில்லை. ஆய்வு, கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

கேள்வி: வளர்ச்சிக்காகத் தொடர்பில்லாத துறையில் இறங்கலாமா?

பதில்: வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றலாம், உங்களுக்குத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும். புகைப்படச் சுருளின் தேவை சரிந்தபோது ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் தோல் பராமரிப்புப் பொருட்களுக்கு வந்ததைப் பலர் வியப்போடு பார்த்தார்கள். சுருளின் முக்கியப் பகுதியான ஜெலட்டின், நம் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. படம் மங்காமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வேதியியலும் அவர்களிடம் கைவசம் இருந்தது. உங்கள் தொழிற்கூடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் பட்டியலிட்டு எழுதுங்கள், பிறகு பேசலாம்.