மிதித்தவுடன் அணைந்துபோகும் என்ஜின்

கேள்வி: என் தந்தையார் 1996இல் வாங்கிய மாருதி 800 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். நின்ற இடத்தில் என்ஜின் சீராக ஓடுகிறது. ஆனால் சிக்னலில் கிளம்பும்போதும், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால், ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடுகிறது. மெதுவாக மிதித்தால் போகிறது. பிளக்குகள், காயில், பிளக் வயர்கள் ஆகிய மூன்றையும் மாற்றிவிட்டேன். இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பொறுங்கள், இப்போதைக்கு மாற்ற வேண்டாம். 'மெதுவாக மிதித்தால் போகிறது' என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியே பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. பெட்ரோல் என்ஜினுக்கு, எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இரண்டையும் கலந்து தருவதுதான் கார்புரேட்டர். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது கார்புரேட்டரின் திராட்டில் தகடு திறந்து காற்று உடனே பாய்ந்துவிடும்; காற்றைவிடக் கனமான பெட்ரோலோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தை நிரப்புவதற்காகவே கார்புரேட்டருக்குள் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற சிறு பகுதி இருக்கிறது. மிதித்தவுடன் ஒரு பீய்ச்சு பெட்ரோலை அது தனியாகக் கொடுக்கும். அதன் டயாபிரம் என்னும் மெல்லிய ரப்பர் சவ்வு கிழிந்தாலோ, பீய்ச்சும் துளை அடைத்துக்கொண்டாலோ, என்ஜினுக்கு வெறும் காற்றே கிடைக்கும், அது அணைந்துவிடும். மெதுவாக மிதிக்கும்போது இந்த உதவி தேவைப்படாததால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது.

இதை நீங்களே பார்த்துவிடலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை அணைத்துவிட்டு, அருகில் நெருப்பு எதுவும் இல்லாத திறந்த இடத்தில் ஏர் ஃபில்டர் மூடியையும் ஃபில்டரையும் எடுத்துவிடுங்கள். கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி, திராட்டில் கம்பியைக் கையால் ஒருமுறை இழுங்கள். மெல்லிய, உறுதியான ஒரு பெட்ரோல் தாரை உள்ளே பாய வேண்டும். எதுவும் வரவில்லை என்றாலும், சொட்டாக வழிந்தாலும், ஆக்ஸிலரேட்டர் பம்பைத்தான் கவனிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரிப்பேர் கிட்டில் உள்ள டயாபிரத்தையும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளையும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழுக் கார்புரேட்டரையும் மாற்றும் செலவு அப்போது வீண்.

தாரை நன்றாக வருகிறது என்றால், அடுத்ததாக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள வட்டமான வேக்குவம் அட்வான்ஸ் பகுதியைப் பாருங்கள். பிளக்கில் பொறி விழும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றுவது இதுதான். அதிலிருந்து வரும் சிறு ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, அந்த முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால், நாக்கில் அது ஒட்டி நிற்க வேண்டும். காற்று தடையின்றி வந்துகொண்டே இருந்தால் ஹோஸில் வெடிப்பு இருக்கிறது, அல்லது உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருந்தாலும் மிதிக்கும்போது வண்டி திணறும்; ஆனால் அப்படி இருந்தால் பொதுவாக நின்ற இடத்திலும் ஓட்டம் சீராக இருக்காது என்பதால், உங்கள் வண்டியில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

வண்டி சூடான பின்புதான் நிற்கிறதா, காலையில் கிளம்பும்போதே நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்று சொல்வதைப் போல, மெக்கானிக்கிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்விட்டு, அதன்பின் இழுவை மெல்லக் குறைந்து நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளம்புகிறது என்றால் அது முற்றிலும் வேறு நோய். பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு, பெட்ரோல் பம்பின் தளர்ச்சி, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி கிளம்பினால், குற்றம் மூடியில்தான். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கத்திரி நாட்களில், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு.

ஒரு வேண்டுகோள். பழுது தீரும்வரை நெடுஞ்சாலையில் லாரிகளை முந்த வேண்டாம். முந்தும் நடுவில் என்ஜின் அணைந்தால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால் இந்தப் பழுது வருமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வரக்கூடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பும், சில இறுகி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் துருப்பிடித்து, அந்தத் துரு ஃபில்டரை அடைக்கும். எனவே பெட்ரோல் ஹோஸ்களையும் டயாபிரங்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். வாரம் ஒருமுறையாவது வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.