புல்லட் கவரில் முகம் தெரியுமா?

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட்டில் இன்ஜின் அலுமினிய கவர் வெளுத்துப் பூத்துக் கிடக்கிறது. குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: புளி வேண்டாம் தம்பி. அது பித்தளைக் கறையை எடுக்கும். அலுமினியம் வெளுத்துப் பூப்பது மேலே படியும் ஆக்சைடால்; கூடவே நுண்ணிய கீறல்களும் அதை மங்கலாக்கும். ஆக்சைடைத் தேய்த்து எடுத்து, கீறல்களைச் சமப்படுத்தினால்தான் முகம் தெரியும்.

கவரைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள். பழைய லேக்கர் (மேலே பூசிய வார்னிஷ் போன்ற பூச்சு) இருந்தால் பெயின்ட் ரிமூவரால் எடுங்கள். காஸ்டிக் சோடா கூடவே கூடாது, அலுமினியத்தையே அரித்துவிடும். அப்புறம் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக்கூட நைசாக இருக்கும்): 320, 400, 600, 800, 1000, 1500, 2000. தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் திசையைக் குறுக்காக மாற்றித் தேயுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறையாமல் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். பொறுமை வேண்டியது இங்கேதான். பலர் அவசரப்பட்டு 600-லிருந்து நேரே பஃபிங்குக்கு (துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்குவது) போகிறார்கள். பளபளக்கும், ஆனால் வெயிலில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும்.

கடைசியில் துணிச் சக்கரமும் பாலிஷ் சோப்பும். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் கொடுத்தால், பித்தளை தேய்த்த சக்கரத்தில் போடாமல் புதுச் சக்கரம் கேளுங்கள். இன்னொன்று, அலுமினியத் தூசு தீப்பிடிக்கும். முகமூடி, கண்ணாடி அவசியம்.

நாகப்பட்டினம் பக்கம் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால், உப்புக்காற்றுக்கு மெழுகு பூசி வையுங்கள்.